ஓர் இதழ் குறைந்த கோலம்

திவாகரனுக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அதைக் கொண்டுபோய் இறக்கி வைக்கத்தான் சொந்தமாக ஒரு வீடு கிடையாது. மட்டக்களப்புப் பக்கத்து வழக்கம் அப்படி. வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டு உடுப்புப் பெட்டியோடு மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே முறுகிக்கொண்டு கிளம்பினால் பிறந்த வீட்டுக்கு வரலாம். வந்து பார்த்தால் அது அக்காவின் வீடாகியிருக்கும்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், அக்கா புஸ்பத்தின் விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தபடி இந்த உண்மையைத் திவாகரன் நன்றாக யோசித்துவிட்டான். யோசிக்க அவகாசம் தாராளமாகக் கிடைத்தது. அத்தான் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். சாய்மனைக் கதிரை அவருக்கு, முதல் தேத்தண்ணி அவருக்கு, மீனின் நடுத்துண்டும் அவருக்கு. பிறந்து வளர்ந்த வீட்டில் வால்துண்டைத் தின்றுகொண்டு திவாகரன் விருந்தாளியாக இருந்தான்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் அக்கா வாயைத் திறந்தாள்.

"தம்பி, நீ இஞ்ச இருக்கிறது எனக்கு ஒரு சள்ளையுமில்ல. ஆனா நாளைக்குப் பொங்கல். உன்ட வீட்டில பானை வைக்க ஆளில்லாம, நீ இஞ்ச குந்திக்கொண்டிருந்தா ஊர் சிரிக்கும். விடிய வெள்ளன எழும்பிப் போ."

"அது என்ட வீடில்ல அக்கா. மாமிட வீடு."

"இதும் உன்ட வீடில்லத்தானே," என்றாள் அக்கா, அரிசி புடைத்துக்கொண்டே. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் அவனுக்கு அதிகமாகக் குத்தியது.

சண்டை எதில் தொடங்கியது என்று யாராவது கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கும். கோலத்தில் தொடங்கியது.

திவாகரன் டைல்ஸ் பதிக்கிற மேசன். கைவேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அசுத்தம். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய துண்டுகளை அவன் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தான். நாவற்குடாவில் மாமியின் வீட்டு வாசல் மழை வந்தால் சேறாகிவிடும். மாமி அன்னப்பூரணியும் மனைவி தக்ஷாயினியும் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போன ஒரு நாளில், படிக்கு முன்னால் சீமெந்து போட்டு, அதன் நடுவே அந்தத் துண்டுகளை வெட்டி ஒரு தாமரைக் கோலத்தைப் பதித்துவிட்டான். எட்டு இதழ். இதழ்கள் வெள்ளை, விளிம்பு செங்கல் நிறம், நடுவில் கறுப்பு. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து வேலை செய்தான். இனி வெள்ளனவே எழும்பிக் குனிந்து கோலம் போடுகிற பாடு பெண்களுக்கு இல்லை என்று மனதுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டான்.

மாமி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கோலத்தின் விளிம்பிலேயே நின்று பார்த்தாள்.

"நல்ல வடிவு," என்றாள்.

திவாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியின் வாயிலிருந்து அப்படியொரு சொல்லைப் பிடுங்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

"மறுகா, துடக்கு வந்தா இத என்ன செய்யிற?" என்று கேட்டாள் மாமி.

ஒரு குடும்பத்தில் சாவு விழுந்தால், துடக்கு என்கிற தீட்டுக் கழியும் வரைக்கும் அந்த வாசலில் கோலம் போடமாட்டார்கள், பொங்கலும் வைக்கமாட்டார்கள். கோலமில்லாத வாசலைப் பார்த்தே தெருவால் போகிறவர்கள் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். இது திவாகரனுக்குத் தெரியாததல்ல. டைல்ஸ் வெட்டுகிற மும்முரத்தில் அது அவன் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் மறந்துபோனேன் என்று ஒத்துக்கொண்டால் அவன் திவாகரனா?

"இப்ப ஆரு மாமி சாகப் போற?"

"மனிசர் இருக்கிற வீடுதானே தம்பி. அழிக்க ஏலாத கோலம் கோலமில்ல. இத எடுத்துப் போடுங்க."

"எடுக்க ஏலா."

"நீங்க எடுக்காட்டி நான் அலவாங்கால கிண்டுவன்," என்று கிணற்றடியில் கிடந்த கடப்பாரையைக் காட்டினாள் மாமி.

மாமிக்கு முட்டு வருத்தம். அன்றைக்குப் பயணம் போய் வந்த களைப்பில் மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. தக்ஷாயினி நடுவில் நின்று, "விடுங்கம்மா, விடுங்கப்பா" என்று இரண்டு பக்கமும் கெஞ்சினாள். திவாகரனுக்கு மூக்கு நிறைய டைல்ஸ் தூள், வயிறு நிறையப் பசி.

"வீடு உங்கட, வளவு உங்கட, காய்க்கிற தென்னையும் உங்கட. இந்த வாசலில எண்டாலும் என்ட கையால ஒண்டு இருக்கட்டும் எண்டு நினைச்சன். கிண்டுங்க மாமி, நல்லாக் கிண்டுங்க. உங்கட செத்த வீட்டுக்குக்கூட நான் வரமாட்டன்."

சொன்னதும் அவனுக்கே காது கூசியது. பக்கத்து வளவில் இரும்பு அடித்துக்கொண்டிருந்த நைஜலின் சுத்தியல்கூட நின்றுவிட்டது. சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்கத் தெரியாமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனவன்தான். போனையும் அணைத்து வைத்துவிட்டான்.

பொங்கலன்று விடியப் படுவான்கரையில் தூறல். அத்தானின் வயல் வட்டையில் அப்போதுதான் அறுத்த புது நெல்லின் அரிசியை ஒரு பையில் கட்டி, அக்கா மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துவிட்டாள். மண்முனைப் பாலத்தில் ஏறும்போது வாவி இரண்டு பக்கமும் முட்டி நிறைந்து கிடந்தது. பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, போனைத் திறந்து தக்ஷாயினிக்கு எடுத்தான். மணி அடித்துக்கொண்டே போனது. மறுபடியும் எடுத்தான். அவள் எடுக்கவில்லை.

என்ன சொல்வது என்று வழிநெடுகப் பாடமாக்கிக்கொண்டு போனான். 'மாமி, நான் அண்டைக்குச் சொன்னது...' என்று தொடங்கினால் சரிவராது. 'பொங்கலுக்குப் புது அரிசி கொண்டு வந்தன்' என்று தொடங்கினால் மானம் கொஞ்சம் மிஞ்சும். ஆரையம்பதியில் தெருவோரத்து வீடுகளில் பொங்கல் களைகட்டியிருந்தது. சிலர் குடையைப் பிடித்துக்கொண்டு மாக்கோலத்தை நனையாமல் காத்தார்கள். சிலர் அடுப்புக்கு மேலே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கேயோ பானை பொங்கியிருக்க வேண்டும், சீனவெடி வெடித்தது. எல்லா வாசலிலும் கோலம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வீட்டுக்குப் போகிற அவசரம் கூடியது.

நாவற்குடாவில் ஒழுங்கை முகப்பில் நைஜல் பாண் வாங்கிக்கொண்டு வந்தான். பக்கத்து வளவுக்காரன், பறங்கிக் குடும்பம், திவாகரனோடு ஒட்டி உறவாடுகிறவன்.

"வந்திட்டீங்களா திவா? நல்லதாப் போச்சு. என்ட படங்கு உங்கட வீட்டதான் கிடக்கு, நேத்து குடுத்தன். ஆறுதலாத் தாங்க. ஜொய்ஸ் தேத்தண்ணி ஊத்திற்றுப் பாத்துக்கொண்டு நிக்கிறா, வாறன்."

மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவன் போய்விட்டான். படங்கு என்றால் பெரிய தார்ப்பாய். அடுத்த வீட்டில் படங்கு இரவல் வாங்குவது ஒன்றில் கலியாண வீட்டுப் பந்தலுக்கு, இல்லாவிட்டால் செத்த வீட்டுப் பந்தலுக்கு. மாமி வீட்டில் கலியாணம் கட்ட ஆளில்லை.

வளவுக்குள் நுழைகிற கடப்படியில் திவாகரன் வண்டியை நிறுத்தினான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

ஒழுங்கை முழுக்கப் புகையும் கோலமும் வெடிச் சத்தமுமாகக் கிடக்க, இந்த ஒரு வீட்டு வாசல் மட்டும் வெறுமையாக இருந்தது. அடுப்பு மூட்டியிருக்கவில்லை. வாழையில்லை, கரும்பில்லை, ஒரு சொட்டு மாக்கூட இல்லை. அவன் பதித்த கோலத்துக்கு மேலே நைஜலின் நீலப் படங்கு விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தது. மாமி உட்கார்ந்து வெற்றிலை போடுகிற கதிரை சுவரோடு சாத்திக் கிடந்தது. படியில் எந்த நேரமும் கிடக்கிற அவளுடைய செருப்பைக் காணவில்லை.

அழிக்க ஏலாத கோலத்தை மூடியிருக்கிறார்கள்.

மூச்சு விசிலடித்தது அவன் காதில் கேட்டது. அன்றைக்கு அவன் போன பிறகு முட்டு கூடியிருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பார்கள். தக்ஷாயினி போன் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள், இந்த மடையன் போனை அணைத்து வைத்துவிட்டு அக்கா வீட்டில் வால்துண்டு தின்றுகொண்டிருந்திருப்பான். பிறகு ஊரார் வந்து, நேற்றே எடுத்து, அடக்கி, பந்தலையும் கழற்றியிருப்பார்கள். படுவான்கரைக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே? ஏன் அனுப்ப வேண்டும்? வரமாட்டன் என்று அவன்தானே தெருவுக்கே கேட்கச் சொன்னான். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

செத்த வீட்டில் ஆண்கள் அழுவது குறைவு. கதிரை அடுக்குவார்கள், சோடா கொடுப்பார்கள், கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நிற்பார்கள். திவாகரனுக்கு அடுக்கக் கதிரையும் இல்லை. கடப்படிச் சேற்றில் அப்படியே குந்தி, தலையில் கை வைத்து, வாய்விட்டு அழத் தொடங்கினான்.

"மாமி... நான் வாய்க்கு வந்ததச் சொல்லிற்றன் மாமி. வராம விடுவனா மாமி? என்ட வாய் அவிஞ்சு போக. இத்தன வருசத்தில ஒரு நாள் எனக்கு வால்துண்டு வச்சிருப்பீங்களா? நடுத்துண்ட எனக்கு வச்சிற்று நீங்க தலையச் சப்பிக்கொண்டிருப்பீங்களே மாமி. இனி எனக்கு ஆரு வைப்பாங்க? கிண்டுங்க எண்டு சொன்னனே, கிண்டியிருந்தாலும் பரவாயில்லையே, நீங்க இருந்து கிண்டியிருந்தாப் போதுமே மாமி..."

இதைப் பொய்யழுகை என்று யாரும் சொல்ல முடியாது. சளியும் கண்ணீரும் தூறலும் ஒன்றாகக் கலந்து வடிந்தன. தாய் இறந்தபோதுகூட அவன் இப்படி அழவில்லை. அன்றைக்கு அவனுக்கு அடுக்குவதற்குக் கதிரைகள் இருந்தன.

"ஆரு தம்பி செத்த?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மாமிதான்," என்றான் திவாகரன், திரும்பாமலே.

"எந்த மாமி?"

"என்ட மாமி."

"எப்ப?"

அந்தக் குரலில் ஒரு மெல்லிய விசில் இருந்தது. திவாகரன் திரும்பிப் பார்த்தான். அன்னப்பூரணி ஒரு கையில் குடையும் மறு கையில் சாணி வாளியுமாக நின்றுகொண்டிருந்தாள். காலில் அந்தச் செருப்பு. வாய் நிறைய வெற்றிலை. ஒழுங்கைக் கோடியில் மாடு வளர்க்கிற வீட்டிலிருந்து பொங்கல் மெழுகச் சாணி எடுத்துக்கொண்டு வருகிறாள். வந்தவள் நடுத்துண்டுக் கதை தொடங்கும்போதே பின்னால் வந்து நின்றுவிட்டாளாம். இடையில் குழப்ப மனம் வரவில்லை என்று பிறகு சொன்னாள்.

திவாகரனின் முகத்தில் ஈயாடவில்லை. எழும்பப் பார்த்தான், கால் சறுக்கி மறுபடியும் சேற்றிலேயே இருந்தான். போன உயிர் திரும்பி வந்தபோது அது நேராக வாயில்தான் வந்தது. அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வெடித்து, அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் மாமியின் கையிலிருந்த சாணி வாளியை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"சேட்டெல்லாம் சாணி," என்றாள் மாமி.

"படட்டும், பரவாயில்ல மாமி."

சத்தம் கேட்டுத் தக்ஷாயினி குசினியிலிருந்து தேங்காய்ப் பாதியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்னம்மா? என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல மகள். உன்ட புரியன் எனக்குச் செத்த வீடு நடத்திக்கொண்டிருக்கார். நல்லாத்தான் போகுது."

தக்ஷாயினிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாமிக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. "மெதுவா மாமி, மெதுவா" என்று திவாகரன் பதறினான். அந்த இருமல் ஒவ்வொன்றும் அவனுக்கு நெஞ்சில் பாலை வார்த்தது. செத்தவர்கள் இருமமாட்டார்கள் அல்லவா?

"போன் எடுத்தனே, ஏன் தூக்கல்ல?" என்று மனைவியைக் கேட்டான்.

"இத்தன நாளா நான் எடுத்து எடுத்துக் களைச்சுப்போனன். ஒரு நாள் விடிய நீங்களும் களைச்சுப் பாருங்க எண்டு விட்டுட்டன்." சொல்லிவிட்டு, முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள். "இப்பிடி அழுவீங்க எண்டு தெரிஞ்சா தூக்கியிருப்பன்."

"அப்ப அந்தப் படங்கு?"

"நேத்துப் பின்னேரம் மழை ஊத்தினது உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் மாமி. "படியால ஓடுற சேறு முழுக்க அதுக்கு மேலாலதான் போகுது. பொங்கலுமதுவுமா ஊத்தையாக் கிடக்கட்டுமா? நைஜலிட்டக் கேட்டு வாங்கி மூடினன்."

"அடுப்பு மூட்டல்லையே?"

"பானை வைக்க ஆள் வருமா எண்டு பாத்துக்கொண்டிருந்தம்."

"நான் வராட்டி?"

"வராட்டி இன்னும் கொஞ்ச நேரத்தில நானே வச்சிருப்பன். உங்களுக்காகச் சூரியன் நிக்குமா?"

எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஒன்றைத் தவிர. சுவரோரத்தில் அலவாங்கு சாத்தியிருந்ததை அவன் இப்போதுதான் கண்டான். அதன் கூரில் சீமெந்துத் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. மாமி உயிரோடிருந்தால் போதும், கிண்டினாலும் பரவாயில்லை என்று இப்போதுதான் ஊர் கேட்க அழுதிருந்தான். ஆனாலும் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

"மாமி, கிண்டிற்றீங்களா?"

"தூக்கிப் பாருங்களன்."

திவாகரன் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் படங்கைச் சுருட்டினான். கோலம் இருந்தது. இருந்தது மட்டுமல்ல, தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிப் பளபளவென்று இருந்தது. மூட்டுகளில் அவன் அவசரத்தில் துடைக்காமல் விட்ட சீமெந்துக் கசிவைக்கூட யாரோ பொறுமையாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். படிப்பக்கத்து ஓர் இதழ் மட்டும் இல்லை. அந்த இடம் இதழின் வடிவத்திலேயே பள்ளமாகி, மணல் நிரப்பி மட்டமாக இருந்தது.

"நீங்க போன உடனே அலவாங்க எடுத்தன்," என்றாள் மாமி, படியில் உட்கார்ந்தபடி. "ஒரு போடு போட்டன். ஒரு இதழ் போச்சு. மறுகா ரெண்டாவது போட ஓங்கினன், ஏலாமப் போச்சு. முட்டு எண்டு இவளுக்குச் சொன்னன். முட்டுமில்ல ஒண்டுமில்ல. நாள் முழுக்கக் குந்தி இருந்து ஒருத்தன் செஞ்சத உடைக்க கை வரல்ல."

மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து தொடர்ந்தாள்.

"இவளிட அப்பா இந்த வீட்டுக்குக் குடிபுகுறக்குள்ள ஆள் பிடிச்சு வாசலில பெயின்ற்றால கோலம் போடுவிச்சவர். சிவப்பும் மஞ்சளுமாப் பெரிய பூ. அவர் போன அண்டைக்கு, அவர பெட்டிக்குள்ள வச்சிருக்கு, சனம் அந்தப் பூவுக்கு மேலால நடந்து வருது. கலியாண வீட்டுக்கு வாற மாதிரி. எனக்குப் பொறுக்கல்ல. அவருக்குப் பக்கத்தில இருந்து அழுறத விட்டிட்டு, வாசலில குந்திச் சிரட்டையால அதச் சுரண்டிக்கொண்டிருந்தன். அவர எடுக்கிற வரைக்கும் சுரண்டினன். முழுக்கப் போகவுமில்ல. சனம் எனக்கு விசர் எண்டு நினைச்சிருக்கும்."

தக்ஷாயினி தாயைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுக் கதை. அப்போது அவள் சின்னப்பிள்ளை.

"இத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாமி," என்றான் திவாகரன்.

"நீங்க கேட்டீங்களா? ஆரு சாகப் போற எண்டுதானே கேட்டீங்க."

குனிந்து அந்த மணலைத் தொட்டுப் பார்த்தான். ஓரத்தில் அரிசிமாவின் வெள்ளை இலேசாகப் படிந்திருந்தது.

"அது நான்தான்," என்றாள் தக்ஷாயினி. "அண்டைக்குப் பின்னேரம் பாக்கப் பாவமாக் கிடந்திச்சு. மணலப் போட்டு மட்டமாக்கி, மாவால அந்த இதழக் கீறி விட்டன். அடுத்த நாள் விடிய எழும்பிப் பாத்தா அம்மா எனக்கு முதல் எழும்பிப் போட்டிருக்கா. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் அம்மாதான்."

மேசனுக்கு உடைந்ததைக் கண்டால் கை சும்மா இருக்காது. "என்னிட்ட அந்த வெள்ளைத் துண்டு இன்னும் இருக்கு மாமி. இப்பவே வெட்டி வச்சிருவன், கொஞ்ச நேர வேல," என்று எழும்பினான்.

"ஒண்ணா," என்று மாமி கையை நீட்டித் தடுத்தாள்.

"தெரியாம வைப்பன் மாமி. ஒட்டினதே தெரியாது."

"அதுதான் ஒண்ணா எண்டுறன். ஏழு இதழ் உங்கட. அது கிடக்கட்டும், ஆரும் தொடமாட்டாங்க. அந்த ஒண்டு எங்கட. நல்ல நாளில மாவால போட்டு நிரப்புவம். துடக்கு வந்தா போடாம விடுவம். இதழ் குறைஞ்ச தாமரையப் பாத்தா றோட்டால போறவனுக்கும் விளங்கும்தானே."

திவாகரன் கோலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான். கடப்படியிலிருந்து பார்த்தான், படியிலிருந்து பார்த்தான். இத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாரம் எந்தப் பக்கமாக இறங்கிப் போனதென்று அவனுக்கே தெரியவில்லை. கோலமும் இருக்கிறது, மாமியும் இருக்கிறாள். இரண்டில் ஒன்றுதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

"மணல் மழைக்கு அள்ளுண்டு போயிரும் மாமி," என்றான். "சீமெந்து போட்டு, மற்றதுகள விட ஒரு விரல் பள்ளமா விடுறன். அப்ப மா காத்துக்கும் பறக்காது."

"அத நாளைக்குச் செய்யுங்க. இப்ப போய்க் குளிங்க. சாணி மணக்குது."

குளித்துவிட்டு வந்தபோது தூறல் விட்டிருந்தது. தக்ஷாயினி கோலத்துக்கு அப்பால் மண்ணில் ஓர் இடத்தைச் சாணியால் மெழுகி, உலக்கையை வைத்து நேர்கோடு பிடித்து, சதுரமாக மாக்கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மாமி வாழையும் கரும்பும் எடுத்து வந்தாள். திவாகரன் அடுப்புக் கல் மூன்றையும் மட்டம் பார்த்து வைத்தான். அதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. அக்கா கொடுத்த புது அரிசியைப் பிரித்து மாமியிடம் காட்டினான்.

மாமி ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். "நல்ல அரிசி. அக்காக்குச் சுகமா?"

"சுகம்."

"பாவம், உங்கள வச்சுக்கொண்டு நல்லாக் கஷ்டப்பட்டிருப்பா." சொல்லிவிட்டு, மாக் கிண்ணத்தை அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க. இண்டைக்கு அந்த இதழ நீங்க போடுங்க."

"எனக்கு மாவால போடத் தெரியாது மாமி."

"கல்லால போடத் தெரியும்தானே. போடுங்க."

மயிரிழை பிசகாமல் டைல்ஸ் வெட்டுகிற கை, மாவை விரலிடுக்கால் விடத் தெரியாமல் தடுமாறியது. ஓரிடத்தில் கொட்டியது, ஓரிடத்தில் விழவேயில்லை. முடித்து நிமிர்ந்து பார்த்தபோது ஏழு இதழுக்கு நடுவில் ஒரு கத்தரிக்காய் கிடந்தது. தக்ஷாயினி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

மாமி சிரிக்கவில்லை. தலையைச் சரித்துப் பார்த்தாள். "கிடக்கட்டும். நாளைக்கு அழிஞ்சிரும்தானே," என்றாள். இந்தக் கோலத்தைப் பற்றி அவள் சொன்னவற்றில் அதுதான் அவனுக்கு ஆகவும் பிடித்தது.

ஒழுங்கையிலேயே கடைசியாகப் பொங்கிய பானை அதுதான். பால் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நைஜல் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இப்பதான் பொங்குதா?" என்று கேட்டான். அவனுக்கும் ஜொய்ஸுக்கும் ஒரு சட்டியில் பொங்கல் போனது, படங்கும் கூடவே போனது. படங்கைக் கொடுக்கும்போது, இனி இந்தச் சாமானை யாருக்கு எதற்குக் கொடுத்தாலும் காரணத்தையும் சேர்த்துச் சொல்லும்படி திவாகரன் கேட்டுக்கொண்டான். நைஜலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி என்று தலையாட்டினான்.

மூன்று பேரும் வாழையிலை போட்டு, விறாந்தையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். வெயில் இலேசாக எறித்தது. திவாகரன் பசியோடு அள்ளித் தின்றான். இத்தனை நாளும் அவனுக்குச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்கியதே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

"மனே," என்றாள் மாமி.

அவன் நிமிர்ந்தான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள், மகனே என்றல்ல.

"நான் போற அண்டைக்கு நீங்க எங்க வேலைக்கு நிண்டாலும் வந்திரணும்."

"அம்மா, நல்ல நாளும் பெருநாளுமா என்ன கதை இது?" என்றாள் தக்ஷாயினி.

"நீ பேசாமச் சாப்பிடு மகள். இவரிட்ட ஒரு வேல சொல்லணும்." மாமி கையால் வாசலைக் காட்டினாள். "இவள் அழுதுகொண்டு கிடப்பாள். வீடு முழுக்கச் சனமா இருக்கும். விடிய எழும்பின பழக்கத்தில ஆராவது வந்து அந்த இதழப் போட்டிருவாங்க. நீங்க நிண்டு பாத்துக்கொள்ளணும். முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியுற வரைக்கும் ஆரையும் அதில கை வைக்க விடாதீங்க. முடிஞ்ச அடுத்த நாள் விடிய நீங்களே உங்கட கையால போட்டுவிடுங்க. கத்தரிக்காய் மாதிரி வந்தாலும் காரியமில்ல."

திவாகரன் கையிலிருந்த பொங்கலை இலையில் வைத்தான். விடியற்காலையில் இதே சாவுக்குத்தான் அவன் சேற்றில் உருண்டான். இப்போது அது அவனுக்கு ஒப்படைத்த வேலையாக, நாள் குறிக்காத வேலையாக முன்னால் இருந்தது. அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத வேலை.

"ஓம் மாமி. வாறன்," என்றான்.

"வந்தாக் காணும். நிண்டு அழத் தேவையில்ல. அத நான் இண்டைக்கே கேட்டிட்டன்," என்று சொல்லி, அவனுடைய இலையில் இன்னோர் அகப்பை பொங்கலை வைத்தாள் மாமி.